மலைநாட்டுத் திருக்கோயிற் பஞ்சவாத்தியம்

சிவபெருமானுடைய திருக்கோயில்களில் நிகழும் பூசைக்கும் விழாவிற்கும் வாத்தியம் இன்றியமையாத அங்கமாதல் சைவநன்மக்கள் யாவரும் அறிந்ததே. அம்பலவாணர் திருக்கரத்துத் துடியினிடமாகப் படைத்தற்றொழில் நிகழும் என்பது உண்மை விளக்கத்தின் கருத்து. அங்ஙனமாகவும், நம்மவருட் பலர், பண்ணும் பாடலுமே இசையென்றும், தோற்கருவிகள் பல கூடி முழங்குதல் திருவிழாக் காலத்து ஆரவாரமே யென்றும் எண்ணியிருக்கின்றனர். பாட்டின்றிக் கொட்டு மாத்திரமே நின்று ஓர் இசையுருவாக அமையுமா, அமையுமாயின் அதனை ஆக்கினோர் எவ்வாறு ஆக்கினர், அஃது இக்காலத்து நமக்கு உணர்த்துவது யாது என்னும் மூன்றனையும், மலைநாட்டுப் பஞ்சவாத்தியத்தின் வரலாற்றை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

தமிழ்நூல்களுள் தோற்கருவிகளின் பெயர்கள் மிகப் பலவாகக் காணப்படுகின்றன. திருமுறைத் திருப்பதிகங்களிலே குடமுழா, மொந்தை, தக்கை, கரடிகை முதலியன ஆங்காங்கு எடுத்தோதப்பெற்றுள்ளன. சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதையுரையிலே தோற்கருவிகளை நிரல்படத் தொகுத்துக் காட்டுகின்றார். அத்தொகையுள் மத்தளம், இடக்கை, திமிலை என்னும் மூன்றும் உள்ளன. மத்தளம் என்னும் பெயர்க்கு, ஓசையைக் குறிக்கும் சொல்லும் இடத்தைக் குறிக்கும் சொல்லும் கூடியதெனக் காரணங் காட்டி, ஏனைக் கருவிகளுக்கெல்லாம் அது நிலைக்களமாதலை அவர் விளக்கியிருத்தல் நோக்கத்தக்கது. இம்மூன்று கருவிகளும் தமிழ்நாட்டுக் கோயில்களில் அருகிப்போக, மலைநாட்டுக் கோயில்களில் ஒருங்கு கூடி இன்றும் முழங்குகின்றன என்பதே நாம் முதற்கண் அறியற்பாலது.

மலைநாடு சைவர்க்குப் புறம்பான நாடன்று. சேரமான் பெருமாணாயனார் அரசுபுரிந்ததும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடியருளியதுமாகிய திருவஞ்சைக்களம் அந்நாட்டினது. அதற்குச் சிறிது வடக்கே உள்ள திருச்சூரின் பழம்பெயர் திருச்சிவப்பேரூர் என்ப. ஆண்டு எழுந்தருளியுள்ள வடக்குந்நாதர் சிவபெருமானேயாவர். சித்திரைத் திங்களையொட்டி அவர் திருமுற்றத்தே நிகழும் பூரவிழாவிற்றான் இக்கூட்டு வாத்தியங்கள் தம் முழுப்பெருமையோடும் விளங்குகின்றன.

கொட்டுக்கருவிகள் கோயிலில் நின்ற நிலைகள் இரண்டு. ஒன்று பாட்டிற்குத் துணையாக நிற்றல். முதலாம் இராசராச சோழதேவர் தஞ்சைப் பெரிய கோயிலிலே தமது ஆட்சியின் 29 ஆம் ஆண்டில் வெட்டுவித்த கல்வெட்டு, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தது. 48 குரலுக்கு 2 கருவி என்னும் அளவினாலேயே, அங்குக் கொட்டு பாட்டின்கீழ் அடங்கி நின்றமை விளங்கும். மற்றொன்று, பாட்டை வேண்டாது கொட்டுத் தானே முதன்மை பெற்று நிற்றல். திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் உள்ள பஞ்சமுக வாத்தியம் இவ்வகையைச் சார்ந்தது. ஐந்து முகமுடைய அம்முழவின் முகங்களை ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்னும் ஐந்து திருமுகங்களாகக் கொள்வர். குடமுழாவை ஆயிரங்கையுடைய வாணாசுரன் முழக்கினான் என்பது புராண வழக்கு. மலைநாட்டுப் பஞ்சவாத்தியமும் இவ்விரண்டாம் வகையினதே. எனினும் அஃது ஒருவர் முழக்குவதன்று, பலர் கூடி முழக்குவது.

பஞ்சவாத்தியமாவது திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு என்னும் ஐந்தன் கூட்டம். இவற்றுள் முதன்மூன்றும் தோற்கருவி, இலைத்தாளம் கஞ்சக்கருவி, கொம்பு துளைக்கருவி. திமிலை இடைசுருங்கி நீண்ட பறை. பலாமரத்தாற் குடைந்து கன்றின் தோல் போர்த்தது. தோளில் தொங்கவிட்டு ஒரு முகத்தை இரு கைகளாலும் அறைவர். அதன்கண் அடிப்படையாகப் பிறக்கும் ஒலிகள் ‘த’ எனவும் ‘தோம்’ எனவும் இரண்டேயாம். இவ்விரண்டு ஒலிகளைக் கொண்டே ஒரு பெரும் இசை மாளிகையை எழுப்புதல் அக்கலையின் அருமை. மத்தளம் கனத்த இருமுகக் கருவி; கணீரென்னும் ஒலியும் முழக்கமும் ஒருங்குடையது. இடக்கை துடியின் இனத்தது. அதன் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுரபேதங்களைக் காட்டலாம். ஆதலின் கருவறைப் படியருகே பாடும் சோபான சங்கீதத்திற்கும் அதுவே துணையாகின்றது. அதிற்றொங்கும் 64 குஞ்சங்களை அறுபத்துநான்கு கலைகளாகவும், அவற்றைத் தாங்கும் 4 கோல்களை நான்கு மறைகளாகவும் மதிப்பர். அதனை நிலத்தில் வையாது, தூக்கி மாட்டிவைப்பதே மரபு.

கொம்பு துளைக்கருவியாயினும் ஈண்டு அது பண் இசைப்பதன்று. கொட்டின் சொற்கட்டுகளையே மூச்சினால் ஊதி நிற்கின்றது. ஆகவே ஐந்து கருவியும் தாளம் ஒன்றற்கே ஆட்பட்டன என்க.

இனி இவ்வைந்தும் நிற்கும் முறையைக் காண்போம். திமிலைக்காரர் ஒரு வரிசையாகவும், அவர்க்கு எதிர்முகமாக மத்தளக்காரர் ஒரு வரிசையாகவும் நிற்பர். திமிலையின் பின்னே இலைத்தாளமும், மத்தளத்தின் பின்னே கொம்பும் அணிவகுக்கும். இரு வரிசைக்கும் இடைப்பட்ட வழியின் இருதலையிலும் இடக்கைக்காரர் நிற்பர். பெருவிழாவிற் கூடுவார் தொகை ஏறத்தாழ 60 ஆகும். தொடக்கத்திலே சங்கு மும்முறை ஊதப்படும். அச்சங்கு ஐந்தனுள் எண்ணப்படுவதன்று. மங்கல முதலாக நிற்பது. கூட்டத்தினர் கையில் ஏடில்லை. எதிரே நின்று கோலசைத்து நடத்துவாரும் இல்லை. திமிலை வரிசையின் நடுவில் நிற்கும் தலைவர் ஒருவரே தம் கையாலும் கண்ணாலும் அறுபதின்மரையும் நடத்துகின்றார்.

அதன் தாளக்கட்டு வியக்கத்தக்கது. முதற்காலத்திற்குப் பதிகாலம் என்று பெயர். மெல்லென நடக்கும் அப்பதிகாலத்தில் ஒரு சுற்றிற்கு எண்ணப்படும் எண்கள் 896. அடுத்த காலத்தில் நடை விரைய, எண்கள் பாதியாகி 448 ஆகும். பின்னர் 224, 112, 56 என முறையே குறையும். இவ்வளவும் முற்பாதி. பிற்பாதியில் 28, 14, 7 எனச் சுருங்கி, மூன்றரையாகி, முடிவில் ஒன்றாய் ஒடுங்கும். நடை ஏற ஏற வட்டம் குறுகுதலின், கற்றோர் இதனை அடிபரந்து முடிகூர்ந்த கோபுரத்தோடு ஒப்பிடுவது பொருத்தமே. முழுதும் நிகழ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும்.

தாளத்தின் பெயர் திரிபுடை, அஃது ஏழெண்ணுடையது. ஆயினும் கடைப்பகுதி வருமளவும் நடை எட்டெண்ணுச் செம்படையின் போக்கிலேயே செல்கின்றது. இது முரண்போலத் தோன்றும். கணக்கிட்டு நோக்குவார்க்கு முரணன்மை புலனாம். 896, 448, 224, 112, 56 என்னும் ஐந்து எண்களும் ஏழாலும் எட்டாலும் மிச்சமின்றி வகுபடுவன. எட்டேழு 56 ஆதலின், அவ்வெல்லைவரை இரு தாளமும் பகையின்றி ஒருங்கிருத்தல் கூடும். 28 என்னும் எண்ணிற்கு வந்தவுடன் எட்டால் வகுத்தல் ஒழிந்து, ஏழு மாத்திரமே எஞ்சுகின்றது. முற்பாதியில் எட்டினுள் மறைந்துநின்ற ஏழு, பிற்பாதியில் தன்னுருவோடு வெளிப்படும் என்பது இதனாற் பெறப்பட்டது. மறைந்து நின்று நடத்திப் பின்னர் வெளிப்பட்டு அருளும் திரோதான சத்தியின் செயலை நூல்களிற் கற்றோர்க்கு இக்கணக்கு ஓர் உவமையாய் உதவும். அதனை ஆக்கினோர் அக்கருத்தோடு ஆக்கினர் என்பது எம் கூற்றன்று. கேட்பார்க்கு அது பயன்படும் என்பதே எம் கூற்று.

இவ்வமைப்பை யாவர் ஆக்கினர், எக்காலத்தில் ஆக்கினர் என்பதே வரலாற்றில் முதன்மையான வினா. கருவிகள் பழமையாயினமையின், இக்கூட்டு வாத்தியமும் பண்டுதொட்டே இவ்வுருவில் மாறாது வந்ததென்று பலர் கருதுவர். அக்கருத்துப் பிழை. பஞ்சவாத்தியம் என்னும் பெயரும் கோயிலிற் கருவிகள் கூடி முழங்கும் வழக்கும் பழையன. ஆனால் இன்று நாம் கேட்கும் நீண்ட, படிமுறையான, ஆக்கப்பகுதியும் கற்பனைப்பகுதியும் கலந்த உருவம் 1930 களில் அமைந்தது. அதனை அமைத்தோருள் தலைசிறந்தவர் மத்தள வித்துவானாகிய திருவில்வாமலை வேங்கிச்சன் சுவாமி என்பார். வேங்கடேசுவர ஐயர் என்பது அவர் இயற்பெயர். மலைநாட்டிற் குடியேறிய தமிழ்க்குடியினர். அவருடைய மாணாக்கர் மாதவ வாரியரும், திமிலையில் வல்ல அன்னமனடை அச்சுத மாராரும், செங்கமநாடு சேகரக் குறுப்பும் அவரோடு ஒன்றுபட்டு உழைத்தனர். இடக்கையில் வல்ல பட்டிராத்துச் சங்கர மாரார் பின்னர் அதனை வளம்படுத்தினார். கழுத்திற் கட்டித் தொங்கவிடப்பெற்ற மத்தளத்தை இடுப்பிற் கட்டி முழக்கும் வழக்கத்தைப் பரப்பியவரும் வேங்கிச்சன் சுவாமியே என மத்தளக்காரர் போற்றுவர். கருவியின் பாரம் இடுப்பிற்கு மாறினமையால் இரு கைகளும் தடையின்றி இயங்கலாயின. நெடுநேரம் நின்று முழக்குதலும் எளிதாயிற்று. சிறிய மாற்றமாயினும் அதன் பயன் பெரிது.

அவர்கள் செய்தது யாதெனின், புதுக்கருவி ஒன்றையும் புகுத்தாது, உள்ள கருவிகளுக்கு இடமும் முறையும் வகுத்ததே. எப்பகுதி கட்டளைப்படி மாறாது முழங்கவேண்டும், எப்பகுதியில் திமிலையும் மத்தளமும் இடக்கையும் முறைமுறையே தத்தம் கற்பனையைக் காட்டலாம், எவ்விடத்தில் யாவும் ஒருங்கு கூடவேண்டும், எவ்விடத்திற் கொம்பு ஊதவேண்டும் என்பனவற்றை வரையறுத்தனர். ஒருவர் முழக்கும்போது ஏனையோர் அடங்கியிருத்தலும் அவ்வரையறையில் அடங்கும். உரத்த ஓசையால் மாத்திரம் இசை பிறவாது; ஒலிக்க வேண்டுமிடத்து ஒலித்தலும் ஓய வேண்டுமிடத்து ஓய்தலும் சேர்ந்தவிடத்தே அது பிறக்கின்றது. கூட்டு வாத்தியம் ஆரவாரமே என்பார்க்கு இதுவே விடை.

பஞ்சவாத்தியத்திற்கு உடன்பிறப்புப் போன்றது செண்டைமேளம். செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் என்பன அதிற் கூடும். பஞ்சாரி மேளத்தின் எண்கள் 96, 48, 24, 12, 6 என ஐந்து காலமாகச் சுருங்கும். பாண்டி மேளம் வேறொரு வகை. திருச்சூர்ப் பூரத்திலே திருவம்பாடியார் மடத்தினின்று எழுந்தருளி வரும்போது முழங்குவது பஞ்சவாத்தியம்; பாறமேக்காவார் வடக்குந்நாதர் கோயிலினுள் இலஞ்சிமரத்தடியில் முழக்குவது பாண்டி மேளம். பின்னதிற் கூடுவார் ஏறத்தாழ 250 பேர் என்பர். ஒருகால் யாம் அவ்விழாவிற்குச் சென்றிருந்தபோது, பல்லாயிர மக்கள் வெயிலில் நின்று, காலம் மாறுமிடந்தோறும் ஒருங்கே கைதூக்கி ஆரவாரிக்கக் கண்டாம். அவர்களுட் பெரும்பாலார் இசைநூல் கற்றவரல்லர், கூலித்தொழிலாளரும் வணிகருமே. ஆயினும் எண் குறைந்து காலம் மாறும் நொடியை அவர்கள் தவறாது உணர்ந்தனர். கோயில் ஒரு கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்பிக்குமாயின், கல்லாரும் அதன் நுட்பம் அறிவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இக்கலையைக் காத்தவர் முன்னாளில் மாரார், பொதுவாள் முதலிய குடியினர். கோயிலில் அவர்க்குக் கொட்டு ஊழியமாயிருந்தது. பிறப்புவழி ஊழியம் ஒரு கலையை மாறாது காக்கும். ஆனால் அக்குடி தளருமாயின் கலையும் உடன் தளரும். 1930 இல் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்தராசாவும் நிறுவிய கேரள கலாமண்டலம், கொட்டுக்கருவிகளை மாணாக்கர்க்கு முறையாகக் கற்பிக்கும் வழியைத் திறந்தது. கோயிலின் பழைய ஊழியமும் கலாசாலையின் புதிய கல்வியும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையாலேயே மலைநாட்டில் இக்கலை இன்றும் உயிரோடிருக்கின்றது.

இனி நம்முடைய நிலையைச் சிந்திப்போம். அடியார்க்குநல்லார் தொகுத்த தோற்கருவிகளுட் பல நமக்கு இன்று பெயரளவே. பஞ்சமுக வாத்தியம் முழக்க அறிந்தார் மிகச் சிலர். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இன்று தீபாராதனைக் காலத்தே முரசும் சேகண்டியும் மணியும் மின்விசையால் தாமே அடிக்கும் இயந்திரம் ஒன்று வைக்கப்பெற்றுள்ளது. பொத்தானை அழுத்தினால் முழங்கும், விட்டால் ஓயும். ஆளில்லாக் குறையை நோக்கி இதனை வைத்தோம் என்பர். ஆளில்லாமை மெய்யே, சிறிய கோயில்களின் வருவாய்க் குறைவும் மெய்யே. ஆனால் இயந்திரத்திற்குக் காலம் இல்லை. அது பதிகாலத்திற் றொடங்கி விரைதல் அறியாது. தீபம் உயருங்கால் தானும் உயர்தலும், திரை விழுங்கால் தானும் அடங்குதலும் அறியாது. அடிப்பாரில்லாத முரசில் ஓசையுண்டு, வழிபாடு இல்லை. கை வருந்திச் செய்யும் தொண்டினை இயந்திரத்தினிடம் விட்டுவிடின், அத்தொண்டு செய்வார் அடுத்த தலைமுறையில் தோன்றுதற்கும் இடமின்றிப் போம்.

மற்றொருபுறம், அண்மைக்காலத்தில் ஊர்தோறும் சிவனடியார் திருக்கூட்டத்தார் கயிலாய வாத்தியம் என்னும் பெயரால் முழவும் கொம்பும் தாளமும் கொண்டு திருவிழாக்களில் முழக்கி வருகின்றனர். பல குலத்தினரும் இளைஞரும் அதிற் பெருகச் சேர்கின்றனர். இது பெரிதும் மகிழத்தக்கது. அவர்கள்பால் ஆர்வம் உண்டு, வலிமை உண்டு. அவற்றோடு வேண்டப்படுவது பயிற்சியும் வரையறையுமாம். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே விரைவில், ஒரே உரப்பில் முழக்குதல் ஆர்வத்தைக் காட்டும், இசையைக் காட்டாது. மெல்லத் தொடங்குதல், படிப்படியே ஏறுதல், ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்தல், ஒருங்கே முடித்தல் என்னும் நான்கனையும் பஞ்சவாத்தியத்தினின்று அவர் கற்றுக்கொள்வாராக. மலையாள நாட்டின் உருவத்தை அப்படியே பெயர்த்து வைக்கவேண்டுமென்பது எம் கருத்தன்று. நமக்கு உரிய கருவிகளும் தாளங்களும் நம்மிடமே உள்ளன. வேண்டப்படுவது, 1930 களில் அச்சிலர் கூடியிருந்து செய்ததுபோல, வல்லார் சிலர் ஒன்றுகூடி இடமும் முறையும் வகுத்தலே.

பழமையைக் காத்தலாவது பழையதை அசையாது வைத்திருத்தலே என்பார்க்கு இவ்வரலாறு தக்க மறுமொழியாகும். திமிலையும் இடக்கையும் மத்தளமும் பழமையான கருவிகள். அவற்றைக் காத்ததோ ஒரு புதிய ஆக்கம். அவ்வாக்கமும் கோயிலைவிட்டு நீங்காது, கோயில்வாயிலிலேயே பிறந்து, கோயில்விழாவிலேயே வளர்ந்தது. ஆதீனங்களும் திருக்கோயில் அறங்காவலரும், ஒரு கோயிலுக்கு இருவரேனும் கொட்டுக்கலை பயிலும் இளைஞரைத் தேர்ந்து, உணவும் உடையும் உதவி, வல்லாரிடத்து விடுப்பாராயின், இயந்திரம் தானே நீங்கும். அவ்விளைஞர் கையில் முழவு எழுக. எழுந்த முழவு முறையோடு ஒலிக்க. அவ்வொலி இறைவன் திருவடிக்கு ஆகுக.

சிவம்.